பவர் இல்லாத கண்ணாடி

என் மாப்பிள்ளைக்குச் சலூனில் வேலை. கடையில் பாதி அவருடையது. இரண்டு நாற்காலிகளில் வாசலோரம் இருப்பது அவருக்கு, உள்ளே இருப்பது பார்ட்னருக்கு. உள் நாற்காலி காலியாக இருந்தாலும் வாசல் நாற்காலிக்குத்தான் ஆட்கள் பெஞ்சில் காத்துக் கிடப்பார்கள். கை சுத்தம் ஒரு காரணம். வாய் இன்னொரு காரணம். அவர் பேச ஆரம்பித்தால் சவரத்துக்கு வந்தவன் முடியையும் வெட்டிக்கொண்டு போவான். கதை பாதியில் நிற்கிறதே, எப்படி எழுந்து போவது? என் மகளைப் பெண் கேட்டு வந்த அன்றும் மாடிப்படியில் முதலில் அந்த வாய்தான் ஏறி வந்தது, ஆள் பிறகுதான் வந்தார்.

அந்த வாய்க்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். குறுக்கே யாரும் பேச வேண்டாம். எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது, ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வேன்.

வாய் ஒரே நாளில் நின்றிருந்தால் பிடித்திருப்போம். குழாயில் தண்ணீர் குறைகிற மாதிரி குறைந்தது. வாளி நிறையவில்லையே என்று பார்த்தபோதுதான் தெரிந்தது. சாயங்காலம் கடையிலிருந்து வந்தால் உட்கார மாட்டார். எங்களுக்கு இருப்பதே இரண்டு அறையும் ஒரு சமையலறையும். முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போவார், குழாயைத் திறப்பார், மூடுவார், பால்கனிக்குப் போவார், கொடியில் காய்கிற சலூன் துண்டுகளைத் தொட்டுப் பார்ப்பார், திரும்ப முன்னறைக்கு வருவார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத் தலை சுற்றும்.

"என்ன மாப்பிள்ளை தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"ஒண்ணுமில்லாததைத் தேடினா எப்படிக் கிடைக்கும்?"

பழைய மாப்பிள்ளையாக இருந்தால் இதற்கு மூன்று பதில் வைத்திருப்பார், மூன்றிலும் என் தலைதான் உருளும். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் குழாயைத் திறக்கப் போனார்.

ஊரெல்லாம் தாடி எடுக்கிற மனிதர், தன் முகத்தில் கத்தி வைக்கவில்லை. தாடி வளர்ந்து கன்னம் உள்ளே போய்விட்டது. ஆளுக்கொரு மருந்து சொன்னோம். நான் சாப்பாட்டைக் கூட்டினேன். பார்ட்னர், எங்கேயாவது போய்விட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாப்பிள்ளையின் அக்கா இருக்கிறாளே, துணிக்கடையில் சூப்பர்வைசர், பத்துப் பெண்களை நிற்க வைத்து வேலை வாங்குகிறவள், அவள், "இது வெறும் சோம்பேறித்தனம். சின்ன வயசுலயே அம்மா போனப்பவும் இப்படித்தான் மூலையில உக்காந்தான், நான் ரெண்டு போட்டேன், எந்திரிச்சுட்டான்" என்றாள். அவரை வளர்த்தது அவள்தான். அதனால் அவள் சொல்லுக்கு வீட்டில் எப்போதும் ஒரு படி மேலே இடம்.

வயிறு சரியில்லை, தூக்கம் இல்லை என்று தெருமுனை டாக்டரிடம் போனார். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை, மனதுக்குப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். இவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் நடந்துகொண்டே இருந்தார். நடக்கிற சத்தத்தில் எங்கள் யாருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மகள் ஒரே சட்டையை இரண்டு முறை துவைத்தாள். நான் கீரையை ஆய்ந்து வைத்துவிட்டு, ஆயவில்லை என்று நினைத்துக் குப்பையை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் துண்டு மடித்துக்கொண்டே சொன்னார், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில். "நான் இல்லாட்டாலும் கடை ஓடும். வீடும் ஓடும். யோசிச்சுப் பார்த்தா உங்களுக்கெல்லாம் லேசாத்தான் இருக்கும்."

என் மகளின் கை அப்படியே நின்றது. அவள் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். சூடான பெட்டி கையில் இருந்தால் யார் என்ன சொன்னாலும் கையை நிறுத்தாத பழக்கம் அவளுக்கு. அன்றைக்கு நின்றது. மறுநாள் லாண்டரிக்கு லீவு சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். "எங்கடி?" என்றேன். "தெருமுனை டாக்டர்கிட்ட நேத்தே போய்க் கேட்டேன். அட்ரஸ் குடுத்தார். வழிய விடும்மா" என்றாள். வழியை விட்டேன். பெற்ற மகளாக இருந்தாலும் சில நேரம் வழியை விடத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த டாக்டர் அம்மா இருப்பது ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில். கீழே மூக்குக் கண்ணாடிக் கடையின் போர்டு ஒரு லாரி நீளம். மாடிக்குப் போகிற படியோரம் டாக்டரின் போர்டு உள்ளங்கை அகலம், அதற்கே வெட்கம் போல. மகள் வந்து சொன்னாள்: "அம்மா, மேல போறவங்க யாரும் நேரா போறதில்ல. முதல்ல கீழ நின்னு ஷோகேஸ்ல பிரேம் பார்க்குறாங்க. இந்தப் பக்கம் பார்க்குறாங்க, அந்தப் பக்கம் பார்க்குறாங்க, சட்டுனு படியேறிடுறாங்க. கண்ணாடிக் கடைக்காரன் பாவம். வாசல்ல எப்பவும் கூட்டம், உள்ள ஒரு ஆள் இல்ல."

டாக்டர் அம்மா இதற்குப் பெயர் மனச்சோர்வு என்றார்களாம். சோம்பேறித்தனம் இல்லை, உடம்புக்கு வருகிற மாதிரி இதுவும் வருகிறதுதான் என்றார்களாம். மாப்பிள்ளை துண்டு மடித்துக்கொண்டே சொன்ன அந்தப் பேச்சை மகள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு டாக்டர் முகம் சுளிக்கவில்லை, பயமுறுத்தவும் இல்லை. அவரிடமே நேராக எல்லாவற்றையும் கேட்டார்களாம். மாத்திரை கொடுத்து, வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது, வாரம் ஒரு முறை வந்து பேச வேண்டும் என்றார்கள்.

எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வாரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, "அத்தை, குழம்புல உப்பு போட்டீங்களா, இல்ல உப்புல குழம்பு போட்டீங்களா?" என்றார். நான் கோபித்துக்கொண்ட மாதிரி சமையலறைக்குப் போய் அழுதேன்.

அப்போதுதான் அக்கா நுழைந்தாள்.

அவள் கடைக்குத் துணி எடுக்க வந்த ஒருத்தி, "உங்க தம்பிய அந்தப் பைத்தியக்கார டாக்டர் மாடிப்படியில பார்த்தேனே" என்று கேட்டிருக்கிறாள். இவள் கண் இமைக்காமல், "மாடிக்கா? அவன் கீழ கண்ணாடிக் கடைக்குப் போனான். கண்ணு சரியா தெரியல அவனுக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு விட்டாளா? அதே கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் இல்லாத ஒரு மூக்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இதப் போட்டுக்கிட்டுக் கடையில நில்லு. யார் கேட்டாலும் கண்ணு. புரியுதா? என் பொண்ணுக்கு வரன் பேசிட்டிருக்கோம். தாய்மாமனுக்குப் புத்தி சரியில்லைன்னு எவன் காதுலயாவது விழுந்தா, அப்புறம் அவளுக்கு இந்த ஜென்மத்துல கல்யாணம் கிடையாது."

"அண்ணி, அவருக்குப் புத்திக்கு ஒண்ணுமில்ல" என்றாள் மகள்.

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். தெருவுக்கு யார் வகுப்பு எடுக்கிறது?"

"ஏம்மா," என்றேன் நான், "சலூன் வச்சிருக்கவனுக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னா, அது நல்ல பேரா?"

"நீங்க பேசாம இருங்கம்மா. கண்ணுங்கிறது கௌரவமான வியாதி."

மாப்பிள்ளை கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. அதோடு அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான். கொஞ்ச நாள் முன்பு அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் யாரோ ஒரு பையனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்: "மன டாக்டர்கிட்ட ஒரு தடவை போயிட்டான்னா அவ்வளவுதான் மாஸ்டர். அப்புறம் அவன யாரும் ஆளா மதிக்க மாட்டாங்க." அதைக் கேட்டுக்கொண்டேதான் அந்த வாத்தியாரின் மற்றொரு கன்னத்துக்கு நுரை போட்டாராம்.

சலூனில் வெந்நீர் ஆவிக்குக் கண்ணாடி மங்கும். அவர் துடைப்பார், மாட்டுவார், அது மூக்கில் சரியும், நகர்த்துவார். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தால், கழுத்தை நீட்டிக்கொண்டு கிடக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? முடி வெட்ட வந்தார்கள். சவரத்துக்கு வருவது நின்றது. அப்புறம் முடிக்கும் உள் நாற்காலிக்குப் போக ஆரம்பித்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் காட்டிய அன்பைச் சொல்ல வேண்டுமே! கேரட் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று பெஞ்சில் சண்டை. தன் பெரியப்பாவுக்குக் கண்ணில் லென்ஸ் வைத்த கதையை ஒருத்தர் நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போனார். கண் என்றதும் ஊரே ஓடி வந்தது. வந்தது, ஆனால் நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை.

பார்ட்னரின் நாற்காலியில் ஆள் மேல் ஆள். இவர் வாசலில் நின்றுகொண்டு காலி நாற்காலியை முன்னே சுழற்றுவார், பின்னே சுழற்றுவார். வீட்டுக்கு வந்தால் பழையபடி நடை. குழாய், பால்கனி, துண்டு, குழாய்.

ஒரு நாள் மகளிடம் சொன்னார். "இனிமே அங்க போகல. போகாம இருந்திருந்தா எவனும் பார்த்திருக்க மாட்டான், கண்ணுன்னு கதை வந்திருக்காது, கடை இப்படிப் போயிருக்காது. மாத்திரையும் வேண்டாம்."

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாங்க."

"டாக்டரா வந்து என் நாற்காலியில உக்காரப் போறாங்க?"

அந்த வாரம் போகவில்லை. மாத்திரையை மகள் தட்டில் வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் இல்லை. அவள் லாண்டரியிலிருந்து ஏதாவது சாக்கு வைத்து வீட்டுக்குப் போன் செய்வாள். "என்ன பண்றார்?" "நடக்கிறார்." "நடக்கட்டும். நடக்கிறது கேட்டுட்டே இரும்மா." நான் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். நடந்தால் எரிச்சல், நின்றால் பயம். அவர் அன்றைக்குத் துண்டு மடித்துக்கொண்டே சொன்னது மறுபடி வாயில் வந்துவிடுமோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்காவைப் பார்த்து நேரிலேயே கேட்டேன். "உன் தம்பி வேணுமா, கண்ணாடி வேணுமா?" அவள், "ரெண்டும் வேணும்" என்றாள். என்னைவிடப் பிடிவாதக்காரி. அப்படிப்பட்டவளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு சலூனில் கூட்டம், லாண்டரியும் திறந்திருக்கும், அதனால் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. போனபோது பெஞ்சு நிறைய ஆள். வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை காலி நாற்காலியின் தோல் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தார்; துடைத்த இடத்தையே திரும்பவும். நான் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

அப்போது மீன்காரர் வந்தார். மார்க்கெட்டில் மீன் கடை, குரல் எப்போதும் தெருவுக்கு அந்தப் பக்கத்து ஆளுக்கும் கேட்கிற குரல். வெளியே அவருடைய வண்டி நின்றது.

"கெளம்பு மாஸ்டர். கண்ணாஸ்பத்திரியில சொல்லி வச்சுட்டேன். ஞாயித்துக்கிழமையும் பார்க்குறாங்க. என் மச்சான் அங்கதான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டான், இப்ப ஊசியில நூல் கோக்குறான்."

"உங்க மச்சான் எதுக்கு ஊசியில நூல் கோக்கணும்?" என்றார் பார்ட்னர்.

"பொண்டாட்டி கோக்கச் சொன்னா கோக்கத்தானேய்யா வேணும். நீ வா மாஸ்டர். வண்டியில கொஞ்சம் மீன் வாடை இருக்கும், மூக்கப் பொத்திக்க. கண்ணுதானே போச்சு, மூக்கு இருக்குல்ல."

"போயிட்டு வாங்க மாஸ்டர்," என்றார் வாத்தியாரும். "உடம்புன்னு இருந்தா ரிப்பேர் வரத்தான் செய்யும். டாக்டர்கிட்ட போறதுல என்ன வெட்கம்?"

மாப்பிள்ளை வாத்தியாரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, பவுடர் டப்பாவுக்கும் தண்ணீர் அடிக்கிற பாட்டிலுக்கும் நடுவில் வைத்தார்.

"இதுல பவர் இல்ல. வெறும் கண்ணாடி. அக்கா வாங்கிக் குடுத்தது. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன எதுக்கு அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போன?"

"கடைக்குப் போகல. மாடிக்குப் போனேன்."

"மாடியில யாரு?" மீன்காரருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வாத்தியாருக்குத் தெரிந்தது, பேப்பரை மடிக்க ஆரம்பித்துவிட்டார். பார்ட்னரின் கத்தரி நின்றது.

"மனசுக்குப் பார்க்கிற டாக்டர். எனக்கு மனச்சோர்வு. மாத்திரை சாப்பிடுறேன். வாரா வாரம் போய்ப் பேசிட்டு வருவேன்."

மீன்காரர் தாடியைச் சொறிந்தார்.

"பேசிட்டு வருவியா? அதானே பார்த்தேன்! அங்க போய் எல்லாத்தையும் கொட்டிட்டா இங்க எங்களுக்கு என்னய்யா மிச்சம்?"

வாத்தியார் எழுந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். அந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டுட்டு ஒருத்தர் கத்தி பிடிக்கலாமா?"

"நானும் இதையேதான் டாக்டர்கிட்ட கேட்டேன் சார். ஆரம்பத்துல தூக்கம் தள்ளும், அப்படித் தள்ளுற நாள்ல கத்தி எடுக்க வேண்டாம்னாங்க. அந்த வாரம் பூரா கத்தரியும் மிஷினும்தான் பிடிச்சேன். உங்களுக்கும் மிஷின்லதான் போட்டேன். இப்ப தூக்கம் தள்ளுறதில்ல."

"சரி சரி. ஒரு வேலை ஞாபகம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வாத்தியார் போனார். இப்போது அவர் இரண்டு தெரு தள்ளி ஒரு கடைக்குப் போகிறார். அங்கே அவருக்கு ஒரு பக்கக் கிருதா மேலே, ஒரு பக்கம் கீழே. எனக்கு அதில் சந்தோஷம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பெஞ்சில் இன்னொருத்தர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை. மீதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை கையில் துணியோடு நின்றார். துடைக்க இடம் இல்லை, எல்லாம் துடைத்தாகிவிட்டது. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

மீன்காரர் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. கண்ணு தெரியுதா, தெரியலையா?"

"தெரியுது. உங்க மூக்கு ஓரத்துல மீன் செதில் ஒட்டியிருக்கு."

"அப்ப போடு நுரைய. உன் கண்ணப் பார்த்துப் பயந்து நான் எத்தன நாளா இந்தத் தாடியோட திரியுறேன்" என்று வாசல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? "ஆனா மாஸ்டர், மனசுக்கு டாக்டர்ங்கிறதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. காலையில எந்திரிச்சு ஐஸ் பெட்டி தூக்கிப் பாரு, மனசு எங்க இருக்குன்னே மறந்துடும்."

எனக்கு அடக்க முடியவில்லை. "ஏங்க, போன வருஷம் உங்களுக்கு இடுப்பு பிடிச்சப்ப எங்க போனீங்க?"

"டாக்டர்கிட்டதான் பாட்டி."

"ஏன், இன்னொரு ஐஸ் பெட்டி தூக்கியிருக்கலாமே?"

பெஞ்சு சிரித்தது. பார்ட்னர் சிரித்தார். மீன்காரர் நுரைக்குள்ளிருந்து சிரித்ததில் நுரை பறந்தது. மாப்பிள்ளை கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அத்தை, கத்தி வைக்கிற நேரத்துல ஆளச் சிரிக்க வைக்காதீங்க. ரத்தம் வந்தா மாத்திரை மேல பழி விழும்" என்றார்.

அந்தக் குரலை நான் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஒரு கீறல் இல்லாமல் சவரம் முடிந்தது. அடுத்து ஒரு ஆள் உட்கார்ந்தார். அதற்கப்புறம் வெகு நேரம் யாரும் உட்காரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரே நாளில் சரியாயிற்று என்று சொன்னால் அது கதை.

அக்காவுக்குச் செய்தி அன்றைக்கே போய்விட்டது. எங்கள் மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் எழுந்து கதவைத் திறந்தே வைத்துவிட்டாள். வந்தாள், கத்தினாள், அழுதாள். "என் பொண்ணப் பத்தி ஒரு நிமிஷம் நினைச்சியாடா?"

"நினைச்சேன் அக்கா. எனக்குக் கண்ணு தெரியலன்னு நீ சொன்னதுல என் கடையே போச்சு. நான் உண்மையச் சொன்னதுல ஒரு வாத்தியார்தான் போனார்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவங்களுக்கும் முடி வெட்டணும்னா என்கிட்ட அனுப்பு."

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நாள் பேசவில்லை. அந்த வரன் வீட்டார் கேட்டார்களா, கேட்கவில்லையா, எனக்கு இன்று வரை தெரியாது. ஆனால் ஒன்று கவனித்தேன். பேசாத நாட்களிலும் தினம் மகளுக்குப் போன் போட்டு, "மாத்திரை சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

டாக்டரிடம் போகிற நாள் வந்தது. போகவில்லை என்று சொன்ன மனிதர் போவாரா? யாரும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடுமோ என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டோம். அவர் சட்டையை மாட்டினார், கழற்றினார், வேறு ஒன்றை மாட்டினார். செருப்பு போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். என் மகள் மூச்சு விட்டாள். திரும்ப வந்தார்: கடைச் சாவியாம். மறுபடி போனார். மறுபடி வந்தார்: தண்ணீர் குடிக்க வேண்டுமாம். குடித்தார். முன்னறையில் ஒரு சுற்று, பால்கனியில் ஒரு சுற்று. நான் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிடலாமே.

மூன்றாவது முறை இறங்கியவர் மேலே வரவில்லை. தெருவில் நின்றுகொண்டு எங்கள் பால்கனியைப் பார்த்துக் கூப்பிட்டார். கீழே காய்கறி வண்டி நிற்கிறது, வண்டியைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்கள், எதிர்வீட்டுக்காரி பால்கனியில் துணி உலர்த்துகிறாள்.

"ஏம்மா! சாயங்காலம் லேட்டாகும். கடைய முடிச்சுட்டு டாக்டரைப் பார்த்துட்டுத்தான் வருவேன்!"

"சரிங்க! மாத்திரை தீரப்போகுது, அதையும் வாங்கிட்டு வாங்க!" என்று மகளும் அதே சத்தத்தில் சொன்னாள்.

எதிர்வீட்டுக்காரி ஒரு சட்டையை உதறியபடி எங்களைப் பார்த்தாள். எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.